எங்கள் தெருவின் இலையுதிர்காலம்

அஸ்தினாபுரம் பகுதியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை. அதனால் ஏழாம் வகுப்பின் ஓவியப் பாடவேளையும் என்னிடமே வந்து சேர்ந்தது. எனக்கு ஓவியம் வராது. எனவே படங்களைத் தாளில் அச்செடுத்துக் கரும்பலகையில் ஒட்டி, “இதைப் பார்த்து வரையுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில் ‘பருவங்கள்’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். இலையுதிர்காலத்திற்கு நான் ஒட்டியது செஞ்சிவப்பு மேப்பிள் இலை. விரித்த கைபோல ஐந்து முனைகளோடு இருக்கும். முப்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் அதைப் பார்த்து வரைந்தார்கள். ஒருவன் மட்டும் நீள்வட்டமான பெரிய இலை ஒன்றை வரைந்திருந்தான். பாதி பச்சை, பாதி சிவப்பு, நடுவில் மஞ்சள் நரம்பு. பூச்சி அரித்த ஓட்டைகள் இரண்டு. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

“என்னடா இது? பலகையில் இருப்பதைப் பார்த்துத்தானே வரையச் சொன்னேன்?”

“மிஸ், இது கீழ கெடந்ததைப் பார்த்து வரைஞ்சது.”

பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மாலை பள்ளி விட்டதும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பொறுப்பு என்னுடையது. வாயில் அருகே இருக்கும் பாதாம் மரத்தடியில் நின்றேன். நாட்டு வாதுமை என்றும் அதைச் சொல்வோம். காலடியில் நூற்றுக்கணக்கான இலைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். பாதி பச்சை, பாதி சிவப்பு, நடுவில் மஞ்சள் நரம்பு. அவன் வரைந்தது அப்படியே இருந்தது. பதினோர் ஆண்டுகளாக அந்த மரத்தைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன். அறிவியல் ஆசிரியர் நான். அந்த மரம் எந்த மாதத்தில் சிவக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றைய தவறிலிருந்து தொடங்கிய ஓராண்டுச் செயல்பாட்டைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஓவியம் வராத ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். செலவு ஏதுமில்லை.

நமக்கு இலையுதிர்காலம் உண்டா?

அடுத்த நாள் வகுப்பில் இந்தக் கேள்வியை வைத்தேன். “ஊட்டியில் இருக்கும்”, “அமெரிக்காவில் இருக்கும்”, “சினிமாவில் இருக்கும்” என்று பதில்கள் வந்தன. நம் தெருவில் உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொல்காப்பியம் சொல்லும் பெரும்பொழுதுகள் ஆறு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இந்த ஆறில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் இலை உதிராமலா இருந்தது?

குளிர்நாடுகளில் செப்டம்பர் தொடங்கிப் பகல் குறுகுகிறது, குளிர் ஏறுகிறது. பனி உறையும் முன் மரங்கள் இலைகளைக் கழித்துவிடுகின்றன. கனடா தன் தேசியக் கொடியில் மேப்பிள் இலையை 1965இல் ஏற்றது அந்த மண்ணுக்குப் பொருத்தம். டொரன்டோவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் அக்டோபரில் அந்த இலையைத் தரையிலிருந்து எடுத்து வரைந்தால் அதுவும் பொருத்தம்.

நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னைப் பகுதி ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேல் அந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. அப்போது மரங்கள் பச்சை கொழித்து நிற்கும். தை பிறந்ததும் மழை நின்று மண் காயத் தொடங்குகிறது. இலை வழியே நடக்கும் நீராவிப்போக்கைக் குறைக்கவேண்டிய தேவை மரத்துக்கு வருகிறது. குளிர்நாட்டு மரம் உறைபனிக்கு அஞ்சி இலையை விடுகிறது. நம் மரம் வரப்போகும் வறட்சிக்காக விடுகிறது. நம் இலையுதிர்காலம் பெரும்பாலும் தை கடைசியிலிருந்து பங்குனி வரை, அதாவது பின்பனிக் காலத்தில் வருகிறது. பொதுத்தேர்வு பரபரப்பில் நாம் அண்ணாந்து பார்க்காத மாதங்கள் அவை.

எல்லா மரமும் உதிர்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் கிழக்குக் கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடுகளின் மரங்கள் தடித்த சிறு இலைகளோடு கோடையிலும் பச்சையாகவே நிற்கும். தாம்பரத்திற்கு 1937இல் இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் இத்தகைய புதர்க்காட்டை இன்றும் காணலாம். மழைக்குப் பின் ஒரே மண்ணில் ஒரு மரம் இலையைக் கழிக்கிறது, இன்னொன்று இலையைத் தடிமனாக்கிக்கொள்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல தகவமைப்புப் பாடம் வேண்டுமா?

பிறக்கும்போதே சிவப்பு

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதனோடு கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் இலைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. பச்சையத்தின் மிகுதியால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. இலை முதிர்ந்ததும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பூவரசு இலை பழுத்து மஞ்சளாவது இப்படித்தான். சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமி பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் புதிதாக உருவாகிறது. கடைசியில் காம்பின் அடியில் உள்ள செல் அடுக்கு நெகிழ்ந்து இலை விழுகிறது. விழுந்த இடத்தில் மரம் தழும்பிட்டு மூடிக்கொள்கிறது. பாதாம் கிளையில் அந்தத் தழும்பைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

இதுவரை பாடநூல் செய்தி. இனி எங்கள் தெருவில் நாங்கள் கண்டது.

வேம்பின் புதிய கொழுந்து செம்பு நிறம். அரசின் கொழுந்து இளஞ்சிவப்பு. மாந்தளிரின் நிறம் நம் மொழியில் அழகுக்கே உவமையாகிவிட்டது. இலுப்பை கொழுந்து விடும்போது மரமே தாமிரத்தில் வார்த்ததுபோல் நிற்கும். இளம் இலைகளில் உள்ள ஆந்தோசயனின் கடும் வெயிலிலிருந்து அவற்றைக் காக்க உதவுகிறது. பச்சையம் நிறைந்த பிறகு சிவப்பு மறைகிறது.

அதாவது, வெளிநாட்டுப் படங்களில் சிவப்பு முதுமையின் நிறம். நம் மரங்கள் பலவற்றில் அது பிறப்பின் நிறம். பாதாம் போன்ற சில மரங்களில்தான் முதிர்ந்த இலை சிவந்து விழுகிறது. எங்கள் தெருக் கோயில் அரசமரத்தில் பழைய இலை கொட்டி முடித்த இரண்டு வாரத்திற்குள் புது இலை மின்னியது. உதிர்வதும் துளிர்ப்பதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடக்கும் நாட்டில் உதிர்வதற்கு மட்டும் ஒரு பருவப்பெயர் வைக்காமல் போனதில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓவியர்கள் காட்டிய வழி

ஓவியம் தெரியாத நான் ஓவியர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். முதலில் கிடைத்தவர் நந்தலால் போஸ் (1882-1966). நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்தவர் என்று அவரை அறிவோம். சாந்திநிகேதனின் கலாபவனத்திற்கு 1922 முதல் 1951 வரை அவர் தலைவராக இருந்தார். அவர் கையில் சிறு அட்டைகள் எப்போதும் இருக்கும். போகும் இடத்தில் கண்ட செடி, ஆடு, மனிதர் எல்லாவற்றையும் அஞ்சலட்டை அளவுத் தாளில் தூரிகையால் நாலைந்து கோடுகளில் பதிந்துகொள்வார். மாணவர்களையும் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்றார். தாகூர் 1930இல் குழந்தைகளுக்காக எழுதிய ‘சகஜ பாட’ என்ற வங்காள வாசிப்பு நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரே. நாட்டின் தலைசிறந்த ஓவியர் ஒருவர் தொடக்கநிலைப் பாடநூலுக்குப் படம் வரைந்தார் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

சாந்திநிகேதனின் ஆண்டே பருவங்களால் ஆனது. மழையை வரவேற்க ஒரு விழா, மரம் நட ஒரு விழா, வசந்தத்துக்கு ஒரு விழா. விழாத்தளத்தைப் பூவாலும் இலையாலும் கோலத்தாலும் அணிசெய்வதே கலை மாணவர்களுக்குப் பாடம். விசுவபாரதிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்கு ஏழிலைப்பாலை இலையைத் தரும் வழக்கமும் உண்டு. அதே ஏழிலைப்பாலை நம் சென்னைச் சாலையோரங்களிலும் நிற்கிறது. மழைக்காலத்து இரவுகளில் அதன் பூவின் நெடி பலருக்குத் தலைவலியே தரும்!

அந்தக் கலாபவனத்திற்கு 1944இல் மாணவராகச் சென்றவர் கே.ஜி. சுப்பிரமணியன் (1924-2016). கேரளத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பின்னர் ஓவியத்திற்கு வந்தவர். பெரிய சுவரோவியங்கள் வரைந்த அதே கையால் மரத்துண்டு, மணி, தோல் துணுக்கு ஆகியவற்றைக் கோத்துப் பொம்மைகளும் செய்தார். குழந்தைகளுக்கு நூல்கள் எழுதி அவரே படமும் வரைந்தார். கைவினை கீழே, ஓவியம் மேலே என்ற படிநிலையை அவர் ஏற்கவில்லை.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள், பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவிய வாழ்வைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள அந்த இடத்தைக் களப்பயணத்தில் சேர்க்கலாம்.

இவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று: வெளியே போ, கண்ணால் கண்டதை வரை, கிடைத்த பொருளால் கையால் செய்.

நாற்பது நிமிட இலை நடை

தலைமையாசிரியரின் அனுமதியோடு மாதம் ஒருமுறை ஒரு பாடவேளையில் நடந்தோம். முதல் மூன்று முறை பள்ளி வளாகத்தை விட்டே வெளியே போகவில்லை. பிறகு பக்கத்துத் தெரு. ஆண்டில் ஒருமுறை, பெற்றோர் ஒப்புதலுடன், சீரமைக்கப்பட்ட செம்பாக்கம் ஏரிக்கரை வரை சென்றோம். நாங்கள் பின்பற்றிய முறை இது:

1. நான்கு பேர் கொண்ட குழு. குழுவுக்கு ஒரு மரம். ஆண்டு முழுவதும் அதே மரம்.

2. முதல் ஐந்து நிமிடம் பேச்சில்லை, வரைவதில்லை. பார்ப்பது மட்டும்.

3. அடுத்து, தரையில் விழுந்ததை மட்டும் எடுக்கலாம். கிளையிலிருந்து பறிக்கக்கூடாது.

4. ஒரு இலையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வரைவது. அழிப்பான் கிடையாது. ஓட்டை இருந்தால் ஓட்டையையும் வரையவேண்டும்.

5. தாளின் பின்பக்கம் தேதி, மரத்தின் பெயர், ஒரு வாக்கியம்.

6. திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவுதல். எருக்கு, அரளி போன்றவற்றின் பால் கண்ணில் படக்கூடாது என்பதை நடைக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

முதல் நடைக்கு யாரை முன்னால் போகச் சொல்வது என்று யோசித்தபோது அந்தப் பையனையே கூப்பிட்டேன். அவன் அம்மா தெரு துப்புரவுப் பணி செய்பவர். விடுமுறை நாளில் அவனும் கூடப் போவான். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. “மிஸ், புங்கமரம் ஒரே வாரத்துல மொத்தமா கொட்டிடும். அந்த வாரம் அந்தத் தெரு வேணாம்னு அம்மா சொல்லும். வேப்பமரம் மெதுவா கொட்டும், ஆனா ஈர்க்குலயும் சந்துலயும் மாட்டிக்கும், பெருக்க வராது. பாதாம் எல பெருசு, கையாலயே அள்ளிடலாம்.” உதிரும் காலம், உதிரும் வேகம், இலையின் அளவு மூன்றையும் பெருக்கும் கணக்கில் அவன் வகைப்படுத்தியிருந்தான். பாடநூலை வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அவன்.

நிறத்துக்குப் பெயர் வைத்தல்

முதல் நடையில் பிள்ளைகள் எழுதிய நிறங்கள் நான்குதான்: பச்சை, மஞ்சள், சிவப்பு, பிரவுன். “உங்கள் அம்மா, பாட்டியிடம் புடவை நிறங்களின் பெயர்களைக் கேட்டு வாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் பலகை நிறைந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், வெந்தயக் கலர், காப்பிக்கொட்டை, மிளகாய்ப்பழச் சிவப்பு, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கத்தரிப்பூ, மயில்கழுத்து, செங்கல், சந்தனம். ஒரு பெண் “எலிக்குஞ்சு கலர்” என்றாள். வகுப்பு சிரித்தது. பிறகு அரசங்கொழுந்தின் நிறத்துக்கு அதுவே பொருந்துகிறது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பின் உதிர்ந்த பாதாம் இலைகளைப் பச்சையிலிருந்து பழுப்பு வரை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினோம். பதினான்கு நிறம் வந்தது. பெயர் கிடைத்தபின் கண்ணுக்கும் வேறுபாடு தெரிந்தது. வண்ணக்குச்சிகளைக் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவர முயன்றார்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ பாடம் இருக்கிறது. தென்னை, பனைக்கு ஓலை. கரும்பு, சோளத்துக்குத் தோகை. நெல், புல்லுக்குத் தாள். புளி, வேம்புக்கு இலை. காய்ந்தால் சருகு, சண்டு என்று சொற்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். எங்கள் தமிழாசிரியர் இந்தச் சொற்களை மரத்தடியிலேயே பிள்ளைகளுக்குச் சொன்னார். மேல்வகுப்புப் பாடத்திற்கு இங்கேயே அடித்தளம் அமைந்தது.

கையால் செய்தவை

தேய்ப்போவியம்: இலையின் அடிப்புறம் மேலே இருக்குமாறு வைத்து, மேலே மெல்லிய தாளிட்டு, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பமைப்பு தாளில் எழும். வலைப்பின்னல் நரம்பும் இணைப்போக்கு நரம்பும் பிள்ளைகளுக்கு இதில் விளங்கியதுபோல் என் விளக்கத்தில் விளங்கியதில்லை.

அரசிலை வலை: முதிர்ந்த அரசிலைகளை ஒரு வாளித் தண்ணீரில் மூன்று, நான்கு வாரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால் சதை போய் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். வாளி நாறும், வகுப்பறைக்கு வெளியே வையுங்கள். கொசு வராமல் துணியால் இறுக மூடவும். காய்ந்த வலையின் மேல் ஓவியம் தீட்டலாம்.

தையல் இலை: பாதாம் இலைகளை ஈர்க்குச்சியால் கோத்துச் சாப்பாட்டு இலை தைப்பது. எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்கா சிறுவயதில் மந்தாரை இலையில் தைத்தவராம். ஒரு பாடவேளை அவரே ஆசிரியர். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை மறக்கமுடியாது.

பூவரசம் பீப்பி: இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதுவது. ஒலி எப்படிப் பிறக்கிறது என்ற பாடத்தை இதிலிருந்தே தொடங்கலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது.

மறைந்த மஞ்சள்: பச்சை இலையை நசுக்கி, ஆசிரியர் மட்டும் கையாளும் மருத்துவ ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிதாள் பட்டை ஒன்றின் நுனி அதில் படுமாறு நிறுத்தினால் சாறு மேலேறும்போது பச்சையும் மஞ்சளும் தனித்தனியாகப் பிரியும். “இலைக்குள்ளேயே மஞ்சள் ஒளிஞ்சிருக்கு மிஸ்!” என்ற கூச்சலில் பக்கத்து வகுப்பும் எட்டிப் பார்த்தது. அருகில் தீ இருக்கக்கூடாது.

ஓராண்டுப் பதிவேடு

ஒவ்வொரு குழுவும் தன் மரத்துக்கு ஒரு நோட்டு வைத்தது. மாதந்தோறும் நான்கு கட்டங்கள்: கொழுந்து, முதிர்ந்த இலை, பூ, காய். இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்று சொற்களில் ஒன்றை எழுதவேண்டும். ‘சீசன்வாட்ச்’ என்ற குடிமக்கள் அறிவியல் திட்டத்தில் நாட்டின் பல பள்ளிகள் மரங்களை இவ்வாறு கவனித்துப் பதிவு செய்கின்றன. நாங்கள் அதை எளிமையாக்கிக்கொண்டோம்.

ஆண்டு முடிவில் நோட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய அட்டையில் எழுதினோம். பாதாம் ஒருமுறை தை, மாசியிலும் மறுபடி ஆடியிலும் சிவந்து உதிர்ந்தது. வேம்பு மாசியில் உதிர்ந்து, பங்குனியில் கொழுந்தும் பூவுமாகி, சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ தந்தது. கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்தது. செம்மயிற்கொன்றை மாசி, பங்குனியில் மொட்டையாக நின்று, பள்ளி மூடியிருந்த மே மாதத்தில் பூத்தது. பூவரசு எந்த மாதமும் மொட்டையாகவில்லை. நாளுக்கு ஓரிரு மஞ்சள் இலை விழுந்துகொண்டே இருந்தது. இந்த அட்டையிலிருந்து கணிதத்துக்குப் படவிளக்கம் வரைந்தார்கள். வரைபடத்தாளில் இலையை வைத்துக் கட்டம் எண்ணிப் பரப்பளவு கண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. “உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத மரம் எது?” என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். பெரும்பாலானோர் கொண்டுவந்த விடையில் வர்தா புயல் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நாளின் நினைவில்லை. விழுந்த மரங்களின் பெயர்களையும் அட்டையின் அடியில் ஒரு வரிசையாக எழுதினோம்.

இடர்களும் தீர்வுகளும்

பாடப்பகுதி முடியாது என்ற கவலை நியாயமானது. ஓவியம், அறிவியல், சுற்றுச்சூழல் மன்றம் ஆகியவற்றின் நேரத்தை இணைத்ததால் கூடுதல் பாடவேளை தேவைப்படவில்லை. ஒரு தந்தை, “குப்பை பொறுக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?” என்று கேட்டார். அவருடைய மகள் வரைந்த மர நோட்டைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதுவும் சொல்லாமல் நோட்டைத் திருப்பித் தந்தார். அதன்பிறகு புகார் வரவில்லை.

பெரிய சிக்கல் சருகு எரிப்பு. வளாகத்தில் கூட்டிய இலையை மாலையில் எரிப்பது வழக்கமாக இருந்தது. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. ‘இந்தப் பாதாம் மரத்தை வெட்டினால் குப்பையும் இல்லை, புகையும் இல்லை’ என்ற பேச்சும் எழுந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளின் அட்டையை வைத்தோம். மரம் ஆண்டில் இரண்டு முறை, மொத்தம் ஏழெட்டு வாரம்தான் அதிகமாகக் கொட்டுகிறது என்று அதில் தெரிந்தது. அந்தப் பையனின் அம்மாவும் வந்திருந்தார். “டீச்சர், எரிக்க வேணாம்னு சொல்றது சரிதான். ஆனா மூட்டை கட்டி வெச்சா தூக்க ஆள் வேணும். ரெண்டு குழி வெட்டிக் குடுங்க, அதுலயே தள்ளிடலாம்” என்றார். மரத்தை வெட்டும் பேச்சு அத்தோடு நின்றது. குழி வெட்டினோம். பாதாம் சருகு தடிமன், சீக்கிரம் மட்காது. கிழித்துப் போட்டுச் சாணக் கரைசல் தெளித்து வந்தோம். முதல் குழியின் எரு இப்போது பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் கிடக்கிறது.

மதிப்பீடு

அழகுக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது மூன்றே கேள்விகள். இந்த இலையை நேரில் பார்த்து வரைந்தாயா? மற்ற இலையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் ஒன்றாவது படத்தில் இருக்கிறதா? சென்ற மாதம் காணாத ஒன்றை இந்த மாதம் கண்டாயா? வரைவதில் கூச்சப்படும் பிள்ளைகளும் இதில் முன்னுக்கு வருகிறார்கள்.

இந்த முறையில் முதல் படத்தை மதிப்பிட்ட நாளில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, முன்பு வரைந்த பாதாம் இலைத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மதிப்பெண்ணைத் திருத்தித் தரவேண்டும் என்று நினைத்தேன்.

“அது இல்ல மிஸ். அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். வேறு ஒன்று வரைந்து தருவதாகவும் சொன்னான். தந்தான். அது நன்றாகவே இருந்தது. ஆனால் நான் நான்கு மதிப்பெண் போட்டது அதற்கில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளி வாசலில் நிற்கும் மரம் எது, அதன் முதல் கொழுந்து எந்தத் தேதியில் தெரிகிறது என்று வரும் மாசி மாதத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள். பிள்ளைகளிடம் கேட்டால் உங்களுக்கு முன்பே பார்த்த ஒருவர் வகுப்பில் இருக்கக்கூடும். அவரை முன்னால் நடக்கவிடுங்கள்.